பின்பக்கம் குந்தும் வண்டிக்குக் காற்றுப்பை: சுருள் ஸ்பிரிங்குக்குள் நாமே பொருத்துவது எப்படி?

எங்கள் குலதெய்வம் கொல்லிமலை எட்டுக்கை அம்மன். வருடத்துக்கு ஒரு தடவையாவது மலை ஏறிவிடுவோம். பழைய இன்னோவாவில் ஏழு பேர், பொங்கல் பானை, அரிசிச் சிப்பம், விறகுக்கட்டு, இரண்டு கேன் தண்ணீர். நாமக்கல்லில் வீட்டு வாசலைத் தாண்டும்போதே வண்டி பின்பக்கம் குந்திக்கொள்ளும். வேகத்தடையில் ஏறி இறங்கினால் அடியில் 'டம்' என்று ஒரு இடி, அதாவது பம்ப் ஸ்டாப் ரப்பர் அச்சில் மோதுகிற சத்தம். காரவள்ளியில் தொடங்குகிற 70 கொண்டை ஊசி வளைவிலும் ஸ்டீயரிங் பிடிமானம் இல்லாமல் லேசாக மிதந்தபடியே வரும். பொழுது சாய்ந்து திரும்பினால் ஹெட்லைட் ரோட்டை விட்டுவிட்டு மரக்கிளையைக் காட்டும். எதிரே வருகிறவர்கள் எல்லாரும் லைட்டை அடித்துக் காட்டுவார்கள். நாம் ஹைபீமில் வருகிறோம் என்று அவர்களுக்கு நினைப்பு.

இதற்குத் தீர்வாக நான் பொருத்தியது, ஸ்பிரிங்குக்குத் துணையாக உட்காரும் காற்றுப்பை. முதல் முறை ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. அதில் செய்த தப்பும் சேர்த்து, புதிதாகச் செய்யப்போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

இது என்ன சாமான்?

நிறுத்தத்தில் தாழ்தளப் பேருந்து 'உஸ்' என்று ஒரு பக்கம் குனிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பேருந்தின் எடை முழுவதையும் தாங்குவது காற்றுதான். நாம் பேசுவது அதன் தம்பி. இரும்பு ஸ்பிரிங்கை எடுக்க மாட்டோம். எடையைப் பெரும்பாலும் அதுவே தாங்கும். கூடுதலாக வரும் பாரத்தில் மட்டும் காற்றுப்பை தோள் கொடுக்கும். காற்றை ஸ்பிரிங்காக வைக்கும் யோசனை புதிதில்லை. அமெரிக்காவில் 1901-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் பைகளைச் செய்வதற்கென்றே 1949-இல் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கிய 'ஏர் லிஃப்ட்' நிறுவனம் இன்றும் அதையே செய்துவருகிறது.

இரண்டு வகை உண்டு. பின்பக்கம் சுருள் ஸ்பிரிங் உள்ள வண்டிக்கு, அந்தச் சுருளின் வயிற்றுக்குள்ளேயே உட்காரும் உருளைப்பை. இது பாலியூரித்தேன், பார்க்கப் பெரிய மாத்திரை போல இருக்கும். பின்பக்கம் பட்டை (இரும்புப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்) உள்ள பிக்கப் வண்டிகளுக்கு, சேஸிஸுக்கும் அச்சுக்கும் நடுவே நிற்கும் ரப்பர் பை. இரண்டு பூரியை அடுக்கி வைத்த மாதிரி வளையம் வளையமாக இருக்கும். இதற்கு மேலும் கீழும் இரும்பு பிராக்கெட், யூ-போல்ட் எல்லாம் வேண்டும். இந்தக் கட்டுரை முதல் வகையைப் பற்றியது. பட்டைக்காரர்களுக்குக் கடைசிப் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன்.

கார் அலங்காரக் கடைகளில் சுருளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபர் ஒன்று விற்பார்கள். விலை குறைவு, பத்து நிமிட வேலை. ஆனால் அது பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே விறைப்பு. தனியாக ஓட்டும் நாளில் முதுகு சொல்லும். காற்றுப்பையில் அந்தத் தொந்தரவு இல்லை. ஊருக்குப் போகும்போது காற்றை ஏற்றிக்கொள்ளலாம், வந்ததும் இறக்கிவிடலாம். நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த ஒரு காரணமே போதும்.

வாங்குவதற்கு முன்னால்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பை வண்டியை நிமிர்த்தும், ஆனால் ஏற்றும் அளவை ஒரு கிலோகூடக் கூட்டித் தராது. அச்சு, பேரிங், டயர், பிரேக், சேஸிஸ் எல்லாம் பழையவைதான். உங்கள் வண்டியின் கையேட்டில் மொத்த எடை என்று ஒரு எண் இருக்கும். அதிலிருந்து காலி எடையைக் கழித்தால் வருவதுதான் ஆளும் சாமானும் சேர்ந்த கணக்கு. ஆளுக்கு 65 கிலோ வைத்தால் ஏழு பேர் 455 கிலோ. சாமான் 100 கிலோ என்றால் 555 ஆகிவிட்டது. இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எண்ணைத் தாண்டுகிறது என்றால் உங்களுக்கு வேண்டியது இரண்டாவது வண்டி. காற்றுப்பை போட்டுவிட்டால் வண்டி குந்தாது. குந்தாததால் ஓவர்லோடு கண்ணுக்குத் தெரியாது. இதன் ஆபத்தே அதுதான்.

அடுத்தது வண்டியின் இப்போதைய நிலைமை. காலியாக நிற்கும்போதே பின்பக்கம் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது. புது ஸ்பிரிங் போடுங்கள். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வழிந்திருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். சில வண்டிகளில் சுருளின் கடைசிச் சுற்று உடைந்து உட்கார்ந்திருக்கும், வெளியிலிருந்து தெரியாது, டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். உடைந்த சுருளுக்குள் பையை வைத்தால் முதல் பள்ளத்திலேயே கிழித்துவிடும்.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆகவே வெல்டிங், துளையிடல் எதுவும் இல்லாமல், வேண்டாம் என்றால் கழற்றி எடுத்துவிடக்கூடிய கிட்டாகப் பாருங்கள். உங்கள் ஊர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கினால் நல்லது. வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் சர்வீஸ் சென்டரிடமும் கேட்க வேண்டும்.

கிட் வாங்கும்போது 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று சொன்னால் நம்ப வேண்டாம். மூன்று அளவு எடுத்துக்கொண்டு போங்கள்: சுருளின் உள்விட்டம், வண்டி காலியாகத் தரையில் நிற்கும்போது சுருளின் மேல் இருக்கைக்கும் கீழ் இருக்கைக்கும் உள்ள உயரம், அச்சு முழுக்கத் தொங்கும்போது அதே உயரம். சில வண்டிகளில் பம்ப் ஸ்டாப் ரப்பர் சுருளுக்கு உள்ளேயே தொங்கும். அதற்குக் குட்டையான பை வேண்டும். அந்த ரப்பரை அறுத்தெறியச் சொல்லும் ஆட்கள் உண்டு. உங்கள் வண்டிக்கென்று வந்த கிட்டின் தாளில் அப்படி அச்சிட்டிருந்தால் ஒழிய அதில் கை வைக்காதீர்கள். பை வெடித்தால் அச்சு சேஸிஸில் நேராக மோதாமல் தடுக்க மிஞ்சுவது அந்த ரப்பர் ஒன்றுதான்.

முதல் வேலை: டேப்பால் அளப்பது

ஸ்பேனரைத் தொடும் முன் டேப்பை எடுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர்மேலே ஃபெண்டரின் விளிம்பு வரை அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று கூடக் குறைய இருப்பதும் அளவில் சேர்ந்துவிடும். மையத்திலிருந்து அளந்தால் ஸ்பிரிங்கின் கதை மட்டும் தெரியும். இரண்டு பக்கமும் எடுங்கள்.

என் வண்டியில் காலியாக 53 செ.மீ. வழக்கமாக ஊருக்குப் போகிற அதே ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றி அளந்தேன். அம்மாவைத் திரும்ப இறங்கி ஏறச் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டார்கள். 46.5 செ.மீ. ஆக, இறக்கம் ஆறரை. இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒட்டியிருக்கிறேன். எவ்வளவு காற்று என்று பின்னால் முடிவு செய்யப்போவது இந்தத் தாள்தான்.

தூக்கி நிறுத்துவது

வேண்டியவை: டிராலி ஜாக்கி, இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு, சக்கரக்கட்டை, ரிங் ஸ்பேனர் அல்லது சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச், கம்பி பிரஷ், உப்புத்தாள், கூரான பிளேடு, கேபிள் டை நிறைய, சோப்புத் தண்ணீர், துரு இளக்கும் எண்ணெய். எண்ணெயை முந்தின ராத்திரியே ஷாக்கின் கீழ் போல்ட்டில் அடித்துவிட்டால் காலையில் பாதி வேலை முடிந்த மாதிரி.

கான்கிரீட் தரை வேண்டும். மண்தரையில் ஸ்டாண்டு அமிழும். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, கியரில் போட்டு, பின்சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே லேசாக இளக்கிக்கொள்ளுங்கள். பிறகு தூக்கி, ஸ்டாண்டுகளைச் சேஸிஸுக்கு அடியில் வையுங்கள். அச்சுக்கு அடியில் வைத்துவிடாதீர்கள். அச்சு கீழே இறங்கினால்தான் ஸ்பிரிங் இளகும். சேஸிஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்ததும் ஜாக்கியை அச்சின் நடுவுக்குக் கொண்டுபோய் அதைத் தாங்கச் சொல்லுங்கள். இனி அச்சு ஏறுவதும் இறங்குவதும் உங்கள் கையில்.

வண்டியை இடுப்பால் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். கொஞ்சம் ஆடினாலும் இறக்கிவிட்டு முதலிலிருந்து செய்யுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு கைகூட அடியில் போகக் கூடாது. இந்த விஷயத்தில் அனுபவசாலி, புதியவர் என்ற வித்தியாசம் கிடையாது.

சக்கரங்களைக் கழற்றி, ஷாக்கின் கீழ் போல்ட்டை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டு, அச்சை அங்குலம் அங்குலமாக இறக்க வேண்டும். இறக்கும்போது கண் ஸ்பிரிங்கில் இருக்கக் கூடாது. பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். வயர், ஹேண்ட்பிரேக் கேபிள் மூன்றிலும் இருக்க வேண்டும். எது விறைக்கத் தொடங்குகிறதோ அங்கே நிறுத்துங்கள். கிளிப்பைக் கழற்றினால் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். பிரேக் ஹோஸ் ஒரு தடவை இழுபட்டால் உள்ளே பிளந்திருக்கும். அது மலைப்பாதையில்தான் தெரியவரும்.

பையை உள்ளே நுழைப்பது

ஸ்பிரிங் இளகியதும் வெளியே எடுத்துவிடுவது நல்லது. எடுக்காமலே சுருளின் இடைவெளி வழியாக நுழைப்பவர்களும் உண்டு. ஆனால் எடுத்தால்தான் உட்புறம் பார்க்கலாம். பத்து வருட வண்டி என்றால் சுருளின் உட்பக்கம் துரு செதில் செதிலாக எழும்பி நிற்கும். கம்பி பிரஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, விரலால் தடவிப் பாருங்கள். எங்கே விரலைக் குத்துகிறதோ அங்கே பையையும் குத்தும். நான் இதற்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் செலவழித்தேன். அந்தப் பைகளில் இன்றுவரை ஒரு கீறல் இல்லை. வழித்த இடத்தில் பெயின்ட் ஒரு கை பூசி உலரவிடுங்கள்.

பையை வெளியே வைத்துக் காற்றடித்துச் சோதிக்கும் ஆசை வரும். வேண்டாம். சுருளின் சுவர் இல்லாமல் ஊதினால் பை தன் வடிவத்தை மீறி உப்பிக் கெட்டுவிடும். மாறாக உள்ளே இருக்கும் காற்றை முழுக்க அமுக்கி வெளியேற்றி, முனையை மூடியால் அடையுங்கள். சப்பையான பையைப் பாய் சுருட்டுவதுபோல நீளவாக்கில் சுருட்டினால் சுருளுக்குள் எளிதாகப் போகும். குளிர்ந்திருந்தால் விறைத்துக்கொள்ளும், வெயிலில் கால் மணி நேரம் வைத்தால் இளகும். சுருளுக்குள் போனதும் மூடியைத் திறந்தால் காற்றை உறிஞ்சிக்கொண்டு தானாகவே விரியும்.

டியூப் செருகும் முனை மேலே வரவேண்டுமா, கீழேயா? ஸ்பிரிங் இருக்கையில் எந்தப் பக்கம் ஏற்கெனவே துளை இருக்கிறதோ அந்தப் பக்கம். புதிதாகத் துளை போடாதீர்கள். கிட்டில் வரும் வட்டத் தகடு பைக்கும் இருக்கைக்கும் நடுவே போக வேண்டும். அது இல்லாவிட்டால் இருக்கையின் விளிம்பு பையை அறுக்கும். பை சுருளுக்குள் நேராக நிற்கிறதா, மடிப்பு எதுவும் விழுந்திருக்கிறதா என்று சுற்றிலும் பாருங்கள். பிறகு டியூபை இணைத்து, ஸ்பிரிங்கை அதன் இருக்கையில் பழைய நிலையிலேயே உட்கார வையுங்கள். கீழ்ச்சுற்றின் முனை இருக்கையில் உள்ள பள்ளத்தில் போய் நிற்க வேண்டும். அச்சை ஏற்றி, ஷாக் போல்ட்டைக் கையால் மட்டும் முறுக்கி விடுங்கள். கடைசி முறுக்கு, சக்கரம் தரையில் இறங்கி எடை விழுந்தபிறகு. தொங்கலிலேயே இறுக்கினால் ஷாக்கின் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் பிய்ந்துபோகும். எவ்வளவு இறுக்கம் என்பது உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.

டியூப் ஓட்டுவது: நான் தப்பு செய்த இடம்

பல கிட்டுகளில் ஒரு 'டி' இணைப்பும் ஒரே வால்வும் வரும். இரண்டு பையும் ஒரே குழாயில். வேலை சுலபம், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கப் பை அமுங்கும். அதிலுள்ள காற்று குழாய் வழியாக உள்பக்கப் பைக்குப் போய் அந்தப் பக்கத்தைத் தூக்கும். சாயும் வண்டியை இன்னும் சாய்க்கிற வேலை. பக்கத்துக்கு ஒரு குழாய், ஒரு வால்வு. கூடுதல் செலவு சொற்பம். ஒரு பக்கம் மட்டும் பாரம் கூடுதலாக இருந்தால் அந்தப் பக்கம் ஓரிரு பி.எஸ்.ஐ. ஏற்றி நேராக்கவும் வசதி.

குழாய் சைலன்சரிலிருந்து 15 செ.மீ. தள்ளியே போக வேண்டும். அந்த இடைவெளி கிடைக்காத இடத்தில் வெப்பத்தடுப்புத் தகடு வையுங்கள். அச்சு ஏறி இறங்கும், சேஸிஸ் அப்படியே நிற்கும். இரண்டுக்கும் நடுவே குழாயில் ஒரு தொய்வு விட வேண்டும். கூரான விளிம்பைத் தாண்டும் இடத்தில் பழைய ஹோஸ் துண்டை உறையாகப் போடுங்கள். பிரேக் குழாயோடு சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். டையை இறுக்கிக் குழாயை நசுக்கவும் கூடாது. வால்வு இரண்டையும் நம்பர் பிளேட் பக்கத்திலோ பம்பரின் உட்பக்கத்திலோ கைக்கு எட்டுகிற, சேறு படாத இடத்தில் வையுங்கள்.

குழாயை வெட்டக் கத்தரிக்கோலோ கட்டிங் பிளேயரோ கூடாது. வாய் முட்டை வடிவமாகிவிடும். கூரான பிளேடால் செங்குத்தாக ஒரே வெட்டு. இணைப்பானில் செருகும்போது முதலில் ஒரு தடை தெரியும். அங்கே நிறுத்தாமல் இன்னும் தள்ளினால் உள்ளே போய் உட்காரும். பிறகு இழுத்துப் பார்த்தால் வரக் கூடாது.

இப்போது என் தப்பு. குழாய் ஒரு முழம் பற்றவில்லை. நாமக்கல்லில் லாரி உதிரிபாகக் கடைக்கா பஞ்சம்? ஏர் பிரேக் நைலான் குழாய் 6 மி.மீ. வாங்கி வந்து செருகினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. மறுநாள் காலை இடது பக்கம் பை காலி. கிட்டில் வந்த இணைப்பான் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. கண்ணுக்கும் கைக்கும் தெரியாத 0.35 மி.மீ. வித்தியாசம் ராத்திரி முழுக்கக் காற்றை ஒழுகவிட்டது. கிட் அங்குல அளவா, மில்லிமீட்டர் அளவா என்று பார்த்து, அதே அளவில் வாங்குங்கள்.

காற்று எவ்வளவு?

பெட்டியிலுள்ள தாளில் குறைந்தபட்சமும் அதிகபட்சமும் இருக்கும். சுருளுக்குள் வைக்கும் பாலியூரித்தேன் பைகளில் பொதுவாகக் குறைந்தது 5, கூடியது 35 பி.எஸ்.ஐ. பட்டை வண்டிக்கான ரப்பர் பை 100 வரை போகும். உங்கள் தாளில் என்ன எண்ணோ அதுவே சட்டம். பாரமே இல்லாத நாளிலும் 5-க்குக் கீழே விடக் கூடாது. காலிப் பை மடிந்து சுருளுக்கு நடுவே சிக்கி, நசுங்கி ஓட்டை விழும். இப்படிப் பொருத்திய பைகள் வீணாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். யாரும் குத்திக் கிழிப்பதில்லை, மறந்துபோய்க் காலியாக ஓட்டிவிடுகிறார்கள்.

எவ்வளவு தூக்கும் என்று ஒரு உத்தேசக் கணக்கு. பையின் விட்டம் 10 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 78 சதுர செ.மீ. 30 பி.எஸ்.ஐ. என்பது சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 2.1 கிலோ. பெருக்கினால் ஒரு பைக்கு 165 கிலோ. அழுத்தம் பாதியானால் தாங்குவதும் பாதி.

ஏற்றுவதற்குச் சைக்கிள் பம்ப்போ கால் பம்ப்போ போதும், சொல்லப்போனால் அதுதான் நல்லது. பையின் கொள்ளளவு டயரை ஒப்பிட்டால் மிகச் சின்னது. பங்க்கில் கம்ப்ரசர் குழாயை வைத்தால் ஓரிரு நொடியில் அளவைத் தாண்டிவிடும்.

முதல் சோதனைக்கு 30 வரை ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் வால்வு முனையிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள். கேஜை வைத்து எடுக்கும்போதே ஓரிரு பி.எஸ்.ஐ. குறையும், அதைக் கசிவு என்று நினைக்க வேண்டாம். மத்தியானம் 38 டிகிரியில் 30 வைத்தது விடியற்காலை 26 டிகிரியில் 28 சொச்சம் காட்டும், அதுவும் இயற்கை. அதற்கும் கீழே போனால் எங்கோ ஓட்டை.

பிறகு அந்தத் தாளை எடுங்கள். ஆளையும் சாமானையும் ஏற்றிவிட்டு, ஏற்றியபிறகு காற்றடித்து, டேப்பால் அளந்துகொண்டே வாருங்கள். காலி வண்டியின் உயரத்தைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. நான் அதற்கும் முன்னாலேயே நிறுத்திக்கொள்வேன்: இறக்கத்தில் பாதியை மட்டும் மீட்பேன். என் வண்டியில் 46.5-ஐ 50-க்குக் கொண்டுவந்தால் போதும். ஊர் போய்ச் சாமானை இறக்கியதும் காற்றையும் இறக்க வேண்டும். வெறும் வண்டி, விறைத்த பை என்றால் பின்சக்கரம் குண்டும் குழியுமான ரோட்டில் துள்ளும், ஈரத்தில் பிடிப்பு விடும்.

ஏன் பாதி? பிரேக்கைப் பற்றி

பின் அச்சுக்கு மேலே பிரேக் குழாய்கள் வந்து சேரும் ஒரு சின்ன வால்வும், அதிலிருந்து அச்சுக்குப் போகும் மெல்லிய இரும்புக் கம்பியும் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகள் பலவற்றிலும் பிக்கப்களிலும் இருக்கும். மெக்கானிக்குகள் எல்.எஸ்.பி.வி. என்பார்கள். வண்டி குந்தினால் அந்தக் கம்பி நகர்ந்து 'பின்னால் பாரம் இருக்கிறது' என்று வால்வுக்குச் சொல்லும். வால்வு பின்பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். காலி வண்டி என்றால் அழுத்தத்தைக் குறைக்கும், இல்லாவிட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும்.

அந்த வால்வுக்கு எடை தெரியாது, உயரம்தான் தெரியும். ஐந்நூறு கிலோவை ஏற்றிக் காற்றால் முழுக்க நிமிர்த்திவிட்டால், வண்டி காலி என்று அது நம்பிவிடும். பாரத்தோடு மலை இறங்கும்போது பின்பிரேக் பாதி வேலைதான் செய்யும். முன்பிரேக் சூடேறிக்கொண்டே போகும். இதை எந்தக் கடையிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் கம்பி எதற்கு என்று ஒரு நாள் அடியில் படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் உறைத்தது.

எல்.எஸ்.பி.வி. இருந்தால் கொஞ்சம் குந்தியபடியே விடுங்கள். கம்பியின் நீளத்தை நீங்களே திருகி மாற்றாதீர்கள். அழுத்தமானி வைத்து முன்பின் அளவைச் சரிபார்க்கும் வசதியுள்ள பட்டறையில் காட்டுங்கள். மின்னணு முறையில் பிரேக்கைப் பங்கிடும் புதிய வண்டிகள் சக்கரம் சுழலும் வேகத்தைப் பார்த்து முடிவெடுப்பதால் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. எதுவானாலும், பொருத்திய பிறகு பாரத்தோடு ஆளில்லாத நேர்ரோட்டில் 30 கி.மீ. வேகத்தில் நாலைந்து தடவை நன்றாகப் பிரேக் அடித்துப் பார்க்காமல் மலைக்குப் போக வேண்டாம்.

பட்டை வண்டிக்காரர்களுக்கு

வேலை இன்னும் சுலபம், ஸ்பிரிங்கை அவிழ்க்க வேண்டியதில்லை. பல கிட்டுகளில் பம்ப் ஸ்டாப் இருந்த இடத்தில்தான் மேல் பிராக்கெட் உட்காரும். பைக்குள்ளேயே மோதல் ரப்பர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பை மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும், சாய்ந்தால் ரப்பர் ஒரு பக்கம் உரசும். உப்பியபோது சுற்றிலும் ஒரு விரல் இடைவெளியாவது டயருக்கும் சேஸிஸுக்கும் நடுவே வேண்டும். யூ-போல்ட் பிரேக் குழாயை நசுக்குகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு இறுக்குங்கள்.

பிறகு

முதல் 100 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் சக்கர நட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். மாதம் ஒரு தடவை காற்றுப் பாருங்கள், டயருக்குப் பார்க்கிற அன்றைக்கே. சேற்றிலோ ஜல்லிரோட்டிலோ ஓடிவந்தால் சுருளுக்குள் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். சுருளுக்கும் பைக்கும் நடுவே சிக்கிய ஒரு ஜல்லி, ஆயிரம் தடவை அமுங்கினால் பையைத் துளைத்துவிடும். வாட்டர் வாஷுக்கு விடும்போது பையன்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள்; தாங்களாக அங்கே பீய்ச்ச அவர்களுக்குத் தோன்றாது. வழியில் பை போய்விட்டால் பயப்பட ஒன்றுமில்லை, இரும்பு ஸ்பிரிங் அப்படியே இருக்கிறது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பாரத்தை முடிந்தவரை முன்னுக்கு நகர்த்தி, மெதுவாக வீடு வந்து சேரலாம். மற்ற பக்கத்துப் பையின் காற்றையும் 5-க்கு இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாகச் சாயும்.

போன ஆடியில் மலைக்குப் போனபோது இடது 18, வலது 20 வைத்தேன். வலது பக்கம்தான் தண்ணீர் கேன்கள். வேகத்தடையில் அந்த 'டம்' இல்லை. இரவு திரும்பும்போது ஹெட்லைட் ரோட்டின் மேலேயே விழுந்தது. வீட்டுக்கு வந்து பானையை இறக்கிய கையோடு, பம்பருக்குள் கை விட்டு இரண்டு வால்வையும் அமுக்கி 8-க்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் குளிக்கப் போனேன்.